மலரிடம் யார் கேட்டது?

கேள்வி: அக்கா, மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருடமாகக் களப்பணியாளராக இருக்கிறேன். வாரம் ஒருமுறை நான் போகும் வீடுகளில் ஒன்றில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் இருக்கிறாள். வயது 19. மலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாளில் களையெடுக்கவும் போகிறார். மலருக்கு மாதவிலக்கின்போது உதிரப்போக்கு அதிகம். நாப்கினைப் பிய்த்துப் போட்டுவிடுகிறாள். கறையோடு தெருவுக்கு வந்துவிடுகிறாள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லி, அடுத்த மாதம் தேதியும் கொடுத்திருக்கிறார்கள். "நீ கூட வந்து சாட்சிக் கையெழுத்துப் போடு தாயி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்கிறார் அந்த அம்மா. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். சூப்பர்வைசரிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். "அது குடும்ப விஷயம், நம்ம வேலை பிசியோவும் உதவித்தொகையும்தான்" என்றார். ஆடித் திருவிழாவுக்கு அத்தை வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து மலர் ராத்திரியில் படுக்கையை வேறு நனைக்கிறாளாம், பாவாடையை மாற்ற விடுவதில்லையாம், பாவம் அந்த அம்மாவுக்கு அதுவும் சேர்ந்துகொண்டது. கையெழுத்துப் போட்டால் நான் சட்டத்தில் மாட்டுவேனா? போடாவிட்டால் அந்த வீட்டுக் கதவு எனக்கு அடைபட்டுவிடும். என்ன செய்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 10ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குழந்தை பெற முடியாமல் ஆக்கும் எந்த மருத்துவ நடைமுறையையும், சம்பந்தப்பட்ட மாற்றுத்திறனாளியின் சுதந்திரமான, விவரம் புரிந்த சம்மதம் இல்லாமல் அவர்மீது செய்யக் கூடாது என்கிறது அது. சம்மதம் மலருடையதாக இருக்க வேண்டும். அம்மாவுடையது போதாது, அண்ணனுடையதும் போதாது. 18 முடிந்த பிறகு பெற்ற தாய்கூடத் தானாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து அந்த உரிமையை வாங்க வேண்டும். அப்படி வாங்கிய தாள் பீரோவில் இருந்தாலும், கர்ப்பப்பை என்று வரும்போது 10ஆம் பிரிவு மலரைத்தான் கேட்கிறது.

மாட்டுவேனா என்று கேட்டீர்கள். இந்தச் சட்டத்தை மீறுகிறவருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. கத்தி பிடிக்கும் மருத்துவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியவர். ஆனால் சாட்சிக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். 'இவளுக்கு விளக்கிச் சொன்னார்கள், இவள் சரி என்றாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்' என்று அர்த்தம். நடக்காத ஒன்றைக் கண்ணால் பார்த்ததாக எழுதிக்கொடுக்கச் சொல்கிறார்கள். அபராதம் யார் தலையில் விழுந்தாலும் அந்தப் பொய் உங்களுடையது.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தது கையெழுத்துக்காக இல்லை. ஆடித் திருவிழா வரிக்காக. அந்த அம்மாவின் பாரத்தைச் சொல்லும்போது போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அத்தை வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து படுக்கை நனைகிறது. அதற்கு முன்னால் நனையவில்லை. பாவாடையில் கை வைத்தால் தடுக்கிறாள். மூன்று வருடமாக வீடு வீடாகப் போகிறவர் நீங்கள். இதே வரியை வேறொரு களப்பணியாளர் உங்களிடம் சொல்லியிருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பீர்கள்?

பாலியல் வன்முறை நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சிறுநீர்த் தொற்று இருந்தாலும் படுக்கை நனையும். எரிச்சல் இருந்தால் அங்கே யாரையும் தொட விட மாட்டாள். மலச்சிக்கல்கூட இப்படிச் செய்யும். அதனால் முதல் வேலையாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அதோடு அம்மாவிடம் ஒரு கேள்வி: மலர் கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாள்? ஆடிக்குப் பிறகு மாதவிலக்கு வந்ததா, எந்தத் தேதியில்? தள்ளிப்போயிருந்தால் அன்றைக்கே பரிசோதனை. கர்ப்பம் என்று தெரிந்து மலர் அதைக் கலைக்க விரும்பினால், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கும் 24 வாரம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வாரங்கள் நமக்காக நிற்காது.

மலரிடமும் கேட்க வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அம்மா எதிரில் வேண்டாம். திண்ணையில் அக்கம்பக்கம் பார்க்க வேண்டாம். அவளுக்குப் பழக்கமான வேலை ஏதாவது, பூக் கட்டுவதோ கடலை உரிப்பதோ, செய்துகொண்டே, "அத்தை வீட்டுல என்னென்ன பண்ணே?" என்று கேளுங்கள். "யார் யாரெல்லாம் இருந்தாங்க?" "ராத்திரி எங்க படுத்துக்கிட்டே?" இந்த மாதிரி. "மாமா தொட்டாரா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நம் பிள்ளைகளில் பலருக்குப் பெரியவர்கள் எது கேட்டாலும் "ஆமா" என்று தலையாட்டிப் பழக்கம். சின்ன வயதிலிருந்து தலையாட்டினால்தான் பாராட்டு கிடைத்திருக்கிறது. நீங்கள் ஒரு பெயரை அவள் வாயில் வைத்துவிட்டால், நிஜமாகவே நடந்திருந்தாலும் அது பிறகு நீதிமன்றத்தில் நிற்காது. நடக்காதிருந்தால் ஒரு மனுஷன் தலையில் பழி விழும்.

ஏதாவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தோண்ட வேண்டாம். வெளியே வந்ததும் அவள் சொன்ன வார்த்தையை அப்படியே, சைகை காட்டியிருந்தால் சைகையையும், தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். 'அந்தரங்க உறுப்பு' என்று நாகரிகமாக மாற்றி எழுதாதீர்கள். அவள் எந்த வார்த்தை சொன்னாளோ அந்த வார்த்தை. செல்போனில் வீடியோ எடுக்காதீர்கள். உங்கள் டீம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 72ஆம் பிரிவுப்படி தனிக் குற்றம்.

அடுத்தது யாரிடம் சொல்வது. மலருக்கு 18 ஆகியிருக்காவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தெரிந்தவர் எவரும் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதற்கே தண்டனை. 'மனசுல அவளுக்கு ஏழு வயசுதானே' என்று சிலர் போக்சோவை இழுப்பார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்துவிட்டது: போக்சோவில் வயது என்றால் பிறந்த தேதிக் கணக்குதான், மனவயது இல்லை. ஆக மலர் சட்டத்தின் கண்ணில் பெரியவள். அது சில பாதுகாப்புகளை எடுத்துவிடுகிறது என்பது உண்மை. அவளுடைய முடிவை அவளிடமே திருப்பிக் கொடுக்கிறது என்பதும் உண்மை.

உங்களுக்கென்று இருக்கும் வழி உரிமைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளி ஒருவர்மீது வன்முறையோ சுரண்டலோ நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால், எவர் வேண்டுமானாலும் அந்தப் பகுதி நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். நம் ஊரில் அது தாசில்தார், இல்லையென்றால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. 'நடக்கக்கூடும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் கையில் சாட்சியம் இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. நடுவர் உடனே தடுக்கலாம், மீட்கலாம். பாதுகாப்பான இடத்தில் வைக்கவும் உத்தரவிடலாம், ஆனால் அந்த மாற்றுத்திறனாளி அதை விரும்பினால் மட்டும். இந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும். காப்பாற்றுகிறேன் என்று சொல்லி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் ஏதோ ஒரு ஹோமில் விட்டுவிட முடியாது.

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால் சிகிச்சை இலவசம். ஆனால் பாலியல் வன்முறை என்று தெரிந்தால் அவர்கள் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இதை அம்மாவிடமும் மலரிடமும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போன பிறகு காக்கிச் சட்டையைப் பார்த்து அவர்கள் திகைத்தால், கூட்டி வந்த உங்கள்மீதுதான் நம்பிக்கை போகும். வழக்கு என்று வந்தால் மலர் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியதில்லை. அவள் வீட்டிலோ அவளுக்குத் தோதான இடத்திலோ, சிறப்பாசிரியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீடியோ பதிவோடு வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். அந்தச் சிறப்பாசிரியர் யார் என்று காவல்துறை தேடும்போது உங்களிடம் ஒரு பெயர் தயாராக இருக்கட்டும். மலரின் பேச்சு புரிகிறவராக இருக்கட்டும். பள்ளியில் அவளுக்குக் கற்பித்தவர் யாராவது இருப்பாரே.

அம்மா புகார் வேண்டாம் என்றால்? சொந்த நாத்தனார் வீடு, நாளைக்குப் பந்தல்கால் நட அவர்கள்தான் வர வேண்டும் என்றால்? மலரும் வேண்டாம் என்றால்? இதில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள். நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். தீங்கு செய்தவன் இனியும் அவளை நெருங்க முடியும் என்றால், யார் வேண்டாம் என்றாலும் தெரிவிப்பேன். தெரிவிக்கப் போகிறேன் என்று அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டுத் தெரிவிப்பேன். நெருங்க முடியாத நிலை என்றால், மலரின் வேகத்துக்கு நடப்பேன். பெண்கள் உதவி எண் 181க்குப் பேசச் சொல்வேன், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சகி மையத்துக்குக் கூட்டிப் போவேன், அவள் மனம் தேறும்வரை காத்திருப்பேன். இன்னொன்றும் உண்டு. மலருக்கு 19 வயது. ஒருவேளை திருவிழாவில் அவளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது என்றும் இருக்கலாம். அவளுக்கும் அந்த வயதின் மனசு உண்டு. நீங்கள் போகும்போதே தீர்ப்போடு போகாதீர்கள்.

இனி ஆபரேஷன் விஷயம். இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். நானும் உங்கள் மாதிரி களத்தில் இருந்தேன். இதே கதை. வளர்ந்த பெண், விதவைத் தாய், கறை, தெரு, அவமானம். ஆட்டோவில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் கூடப் போனேன். அப்போது இந்தச் சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. 'சுத்தத்துக்காக' என்றார்கள், நியாயமாகவே பட்டது. ஊர் திரும்பிய பிறகு பல மாதம், நான் போகும்போதெல்லாம் அந்தப் பெண் தன் தையலைத் தொட்டுக் காட்டி, "இங்க என்ன எடுத்தாங்க?" என்று கேட்பாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் கழித்து அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று சேர்த்தபோது பால்வினைத் தொற்று என்று சொன்னார்கள். அந்த வீட்டுக்கு உரிமையோடு வந்துபோகிற ஒருவன். எத்தனை காலமாக என்று யாருக்கும் தெரியாது. மாதவிலக்கு நின்று போயிருந்தால் யாராவது கவனித்திருப்போம். நிற்பதற்கு ஒன்றும் இல்லாமல் நாங்களே செய்திருந்தோம்.

அம்மாக்கள் வாய்விட்டுச் சொல்வது கறையைப் பற்றி. சொல்லாமல் பயப்படுவது வேறொன்றை: 'எவனாவது ஏதாவது பண்ணி வயித்துல வந்துட்டா?' கர்ப்பப்பையை எடுத்தால் வயிற்றில் வராது. பண்ணுகிறவன் வருவது நிற்காது. பிடிபடவும் மாட்டான் என்று அவனுக்கும் தெரிந்துவிடும். மலர் வீட்டில் ஆடிக்குப் பிறகு நடப்பதையும் அடுத்த மாத ஆபரேஷன் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு ஏன் இந்தப் பதற்றம் என்று புரியும். இந்த நிலையில் அந்த ஆபரேஷன் நடந்தால், ஏதாவது நடந்திருந்தால், அதன் தடயமும் சேர்ந்து போய்விடும்.

'சுத்தத்துக்காக' என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1994இல் மகாராஷ்டிராவில் ஷிரூர் என்ற ஊரின் அரசு இல்லத்திலிருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு, புனே அரசு மருத்துவமனையில் வைத்துக் கர்ப்பப்பை நீக்கினார்கள். சொன்ன காரணம் மாதவிலக்குச் சுத்தம். நாடு முழுக்கப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. இன்றைக்கு 10ஆம் பிரிவு என்று ஒரு சில வரி சட்டத்தில் இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் அந்தப் பெண்களின் உடம்பு இருக்கிறது.

இவ்வளவையும் அந்த அம்மாவிடம் போய்ச் சட்டமாக ஒப்பித்தால் கதவு அடைபடத்தான் செய்யும். அவர் கெட்டவர் இல்லை. விடிகாலை எழுந்து, பெண்ணைக் குளிப்பாட்டி, கறைத் துணியை அலசி, எட்டு மணிக்குக் களையெடுக்கப் போகிறவர். அவர் கையில் இருக்கும் பிரச்சினைக்கு அந்த மருத்துவமனை ஒரு பதில் சொல்லியிருக்கிறது. தவறான பதில்தான். ஆனால் நீங்களும் நானும் இதுவரை அவருக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. பிசியோவும் உதவித்தொகையும் கொடுத்தோம். மாதத்தில் ஐந்து நாள் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டோமா?

கையில் இரண்டு விஷயத்தோடு போங்கள். முதலாவது தைராய்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சாதாரணமாகக் காணப்படுவது. அது குறைந்தால் உதிரப்போக்கு அதிகமாகலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் சரியாகவும் வாய்ப்பு உண்டு. அந்தத் தனியார் மருத்துவமனை இதைப் பார்த்ததா என்று சீட்டை வாங்கிப் பாருங்கள். ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சில மாத்திரைகள் மாதவிலக்கைக் குழப்பும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. இவற்றுக்கும் மலரின் சம்மதம் வேண்டும்தான். ஆனால் இவை திரும்பி வரக்கூடிய வழிகள். நிஜமாகவே கட்டி, புற்று என்று இருந்தால் அது வேறு பேச்சு. அப்போது அது சிகிச்சை, அதை அவளுக்கு விளக்கிச் செய்வோம்.

இரண்டாவது, நாப்கின். பிய்த்துப் போடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் பிய்க்கிறாள்? பல பிள்ளைகளுக்கு அந்தப் பிளாஸ்டிக் உரசல் தாங்காது. பழைய பருத்திச் சேலையில் தைத்த துணிப் பட்டை கொடுத்துப் பாருங்கள், பொத்தான் வைத்தது. நான் ஒரு பெண்ணுக்குப் பழக்கிய விதத்தைச் சொல்கிறேன். அவளுடைய உள்ளாடையில் நாப்கின் வைக்கும் இடத்தைச் சுற்றி, நாப்கின் வடிவத்திலேயே, நீல நூலால் தையல் ஓட்டினோம். அந்தக் கோட்டுக்குள் வைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதம் மாதவிலக்கு இல்லாத நாளில் பழக்கினோம், வெறும் நாப்கினோடு. ஒரு சொட்டுத் தண்ணீரில் குங்குமம் கரைத்து நாப்கினில் விட்டு, சிவப்பாக இருந்தால் எடுத்துத் தாளில் சுற்றி மூடி போட்ட வாளியில் போடு, புதுசு எடு. ஒரு நாளைக்கு ஒரு படி மட்டும். சுவரில் நாள்காட்டி, மாதவிலக்கு வந்த நாளில் அவளே சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டுவாள். எட்டு மாதம் ஆனது. நடுவில் இரண்டு மாதம் நாங்கள் தோற்றுப்போய்விட்டோம் என்றே நினைத்தேன். அப்புறம் ஒருநாள் நான் போனபோது, அவளே உள்ளே போய் நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, மூன்று பொட்டைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினாள்.

அந்த நாள்காட்டிக்கு இன்னொரு பயனும் உண்டு. பொட்டு ஒட்ட வேண்டிய மாதம் பொட்டு இல்லாமல் போனால் அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

அம்மாவுக்குக் கிடைக்க வேண்டியது எல்லாம் வருகிறதா என்றும் பாருங்கள். அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதாமாதம் மலர் பேரில் வருகிறதா? மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை எடுத்தாயிற்றா? பகல்நேரப் பராமரிப்பு மையம் பக்கத்தில் ஏதும் உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேளுங்கள். பகலில் மலர் யாரோடு இருக்கிறாள் என்ற கேள்விக்கு ஒரு நல்ல பதில் கிடைத்தாலே, அந்த அம்மாவின் பாதிப் பயம் இறங்கிவிடும்.

மலருக்கு இதெல்லாம் புரியுமா என்று உங்களுக்கே சந்தேகம் இருக்கிறது. கடிதம் முழுவதும் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. 2009இல் சண்டிகர் அரசு இல்லம் ஒன்றில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளம்பெண் வன்புணர்வில் கர்ப்பமானாள். கலைக்க உத்தரவிட்டது உயர் நீதிமன்றம். அந்தப் பெண்ணுக்கு அதில் விருப்பமில்லை. உச்ச நீதிமன்றம் உத்தரவைத் தடுத்தது. குறைபாடு இருக்கிறது என்பதற்காக அவளுடைய சம்மதத்தைத் தாண்டிப் போக முடியாது என்றது. இத்தனை பெரிய மனிதர்கள் கூடிய வழக்கில், கடைசியில் எல்லாம் நின்றது அவளைக் கேட்டார்களா என்ற ஒன்றில்தான்.

மலரிடம் படம் வரைந்து காட்டுங்கள். வயிறு, உள்ளே ஒரு பை, பாப்பா வளரும் இடம், ரத்தம் வரும் இடம். "டாக்டர் இதை வெட்டி எடுப்பாங்க. அப்புறம் ரத்தம் வராது. பாப்பாவும் வராது. வலிக்கும். திரும்ப வைக்க முடியாது." ஒரு நாளில் கேட்டு முடிக்காதீர்கள். வேறு வேறு நாளில், வேறு வேறு விதமாகக் கேளுங்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேளுங்கள், "ஆமா" எல்லாவற்றுக்கும் வருகிறதா என்று தெரிந்துவிடும். அவளாக வேண்டாம் என்று சொன்ன ஒரு விஷயம், அது சாப்பாடோ சட்டையோ, வீட்டில் மதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேண்டாம் என்று சொல்லியே பழகாதவள் கொடுக்கும் சம்மதத்துக்கு எடை இல்லை.

சத்தியம் செய்துவிட்டீர்கள். நம் வேலையில் அந்த வாக்கைக் கொடுக்கவே கூடாது. "உங்க பேச்சு என்கிட்ட பத்திரமா இருக்கும், ஆனா மலருக்கோ வேறு யாருக்கோ ஆபத்துன்னா நான் உங்ககிட்ட சொல்லிட்டு அடுத்தவங்ககிட்ட போவேன்." முதல் நாளே சொல்ல வேண்டியது இது. இப்போது என்ன செய்வது? அந்த அம்மாவிடமே போய்ச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுங்கள். "அம்மா, தெரியாம வாக்குக் கொடுத்துட்டேன். இதை என்னால தனியா சுமக்க முடியாது. ஒரு டாக்டர்கிட்டயும் ஒரு மேடத்துக்கிட்டயும் உங்க பேர் சொல்லிப் பேசப் போறேன். வாங்க, சேர்ந்தே போகலாம்." கோபப்படுவார். ஒரு வாரம் கதவைத் திறக்காமல்கூட இருக்கலாம். தெருவில் பார்த்தால் பேசுங்கள். முதுகுக்குப் பின்னால் செய்ததைத்தான் ஜனங்கள் மன்னிப்பதில்லை.

சூப்பர்வைசர் விஷயத்தில் இனி வாய்ப்பேச்சு வேண்டாம். பார்வையிட்ட பதிவேட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: அறுவை சிகிச்சை பற்றி அம்மா சொன்னது, நீங்கள் சொன்ன பதில், ஆடிக்குப் பிறகான மாற்றங்கள். மலர் பெயருக்குப் பதில் உங்கள் அலுவலக எண். அதையே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதில் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் 'குடும்ப விஷயம்' என்று எழுத்தில் பதில் எழுத யாருக்கும் கை வராது. வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான், சம்பளம் வாங்கும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. உங்களுக்கும் மலருக்கும் சட்ட உதவி இலவசம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் கொடுக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். அவர்களுடைய உதவி எண் 15100. ஆபரேஷன் தேதி நெருங்கியும் யாரும் நிறுத்தாவிட்டால், 10ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் அந்த மருத்துவமனைக்கும், நகல் மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும். அந்தச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகவே அனுப்புங்கள்.

முதலில் செய்ய வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனையும் அந்தத் தேதிக் கேள்வியும். நாளைக்கே. அடுத்த வாரப் பார்வைவரை வைக்க வேண்டாம். மலர் முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் கடலையை மட்டும் உரித்துக்கொண்டிருந்தால், நீங்களும் உரியுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி போங்கள். அதற்குள் அத்தை வீட்டிலிருந்து யாராவது மலரைக் கூட்டிப் போக வந்தால் அனுப்ப வேண்டாம் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். காரணம் கேட்டால், "டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்மா" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.